பொறும்வே பிள்ளையின் காப்பி

அந்த நாளில் திருநெல்வேலிச் சீமையில் காப்பி குடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அநேகம் பேர். நிஜமாகவே குடித்தவர் ஒரே ஒருவர்தான்.

அவர் தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தா. பெற்றவர்கள் வைத்த பேர் கச்சேரிக் காகிதத்தில் மட்டும் இருந்தது. டிகாக்ஷன் இறங்கும்போது யார் வாயைத் திறந்தாலும் "பொறும்வே!" என்று கையைக் காட்டுவார். ஆகவே ஊருக்கு அவர் பொறும்வே பிள்ளை. ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள் கொண்ட எங்கள் வளவில், எனக்கு எதிர்வீடு.

எல்லா வீட்டிலும் காப்பிப் பொடியையும் கருப்பட்டியையும் ஒன்றாகக் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்த காலம் அது. "வேக வைக்கதுக்கு அது என்ன துவரம்பருப்பா?" என்று பிள்ளைக்கு ஆத்திரம் வரும். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வாரவ பொடிய வேக வச்சிட்டா என்னவே செய்யது?" என்பார்.

பச்சைக் கொட்டையை வாங்கி, சிரட்டைக் கரி அனலில் அவரே வறுப்பார். வாசனை கலந்துவிடும் என்று அன்றைக்கு வளவில் ஒருவரும் தாளிக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் ஆகாது. யாரும் குளிக்க இறங்குமுன் ஆற்றில் மொண்ட தண்ணீர்தான் வேண்டும். பால்காரர் பசுவை வாசலில் நிறுத்தியதும் பிள்ளை அதன் வாயை மோந்து பார்ப்பார். "புண்ணாக்கு ஜாஸ்தி. இன்னைக்கு இந்தப் பால் வேண்டாம்."

"அய்யா, ஒருநாள் மாட்டக் கடிச்சிருவாரோன்னு பயமா இருக்கு" என்று பால்காரர் என்னிடம் வந்து அழாக்குறையாகச் சொன்னார்.

பிறகு பில்டர் வந்தது. மேல்பாத்திரத்தின் அடியில் துளையிட்டு, பொடியில் வெந்நீர் ஊற்றிச் சொட்டவிட வேண்டும் என்று மதுரையில் பார்த்துவிட்டு வந்தார். தகர வேலைக்காரர் போட்ட துளையில் பொடி முழுதும் கீழே வந்துவிட்டது. பிள்ளை பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நகை செய்யும் பத்தரிடம் போனார். சின்னத் துளை போடக்கூடிய ஊசி பத்தரிடம் ஒன்றுதான் இருந்தது. அது பிள்ளைகளுக்குக் காது குத்துகிற ஊசி.

"இத எடுத்தா நாள் பாக்கணும் அண்ணாச்சி. தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். இல்லேன்னா எனக்கு ஆகாது" என்றார் பத்தர்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். பிள்ளை பஞ்சாங்கம் பார்த்தார். "வாரும்வே, நீருதான் மாமன்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். ஒரு நல்ல நாளில், கிழக்கே பார்த்து உட்கார்ந்து, பித்தளைப் பாத்திரத்தை மடியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். பத்தர் ஊசியை வைத்துச் சுத்தியலால் தட்டும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் "அழாத ராசா" என்றார். பாத்திரம் அழவில்லை. எனக்குத்தான் தொடை இரண்டு நாள் வலித்தது.

ஆனால் அதில் இறங்கிய காப்பியைக் குடித்தபோது, தொடையாவது வலியாவது! அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனபிறகு, ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்த என் மனைவிக்கும் தினம் ஒரு தம்ளர் எதிர்வீட்டிலிருந்து வரும். கதவுக்குப் பின்னால் நின்று "நல்லாருக்கு அண்ணாச்சி" என்பாள். அவர் முற்றத்தில் நின்று சந்தோஷப்படுவார்.

எங்களுக்குப் பிறந்த முதல் குழந்தை பத்து நாள்தான் இருந்தது. அதன்பின் அவள் பேசவில்லை. சோற்றைப் பிசைவாள், வைத்துவிடுவாள். கண்முன்னே கரைந்துகொண்டிருந்தாள். அவளையும் இழந்துவிடுவேனோ என்று நான் நடுங்கிப்போயிருந்தேன்.

பிள்ளை மட்டும் தினமும் காப்பி கொண்டுவந்து வாசல்படியில் வைப்பார். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். திடீரென்று ஒருநாள் முதல் அந்தக் காப்பி கெட்டுப்போனது. ஒருநாள் தீய்ந்த வாடை. ஒருநாள் கழுநீர். ஒருநாள் வாயில் நறநறவென்று பொடி. பதினோரு நாள் இப்படியே நடந்தது. மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஒரு வாய் குடித்தவள், தம்ளரை 'ணங்'கென்று வைத்துவிட்டு எழுந்து கதவருகே வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, தண்ணி கொதிக்கதுக்கு முந்தியே ஊத்திட்டியளா? இத மனுசங்க குடிப்பாங்களா? அந்தப் பில்டர இங்கன கொண்டாங்க!"

பிள்ளை ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பில்டரை அதுவரை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. அவள் அடுப்பு மூட்டினாள், பொடியை அமுக்கினாள், மூன்று தம்ளர் காப்பி போட்டாள். தன் தம்ளரை முழுதும் குடித்தாள். அதன்பின் வெகுநேரம் வாய்விட்டு அழுதாள். மத்தியானம் சோறு கேட்டாள்.

முற்றத்தில் பிள்ளை என் காதருகே குனிந்தார். "நல்ல காப்பிய குடிச்சிட்டுப் படுத்துக்கிடுதா வே. கெட்ட காப்பிக்குத்தானே கோவம் வரும்? கோவம் வந்தா எந்திரிச்சுதானே ஆகணும்? பன்னெண்டு நாளு நல்ல கொட்டைய நாசம் பண்ணிட்டேன்."

"அத்தன நாளும் நீங்க என்ன குடிச்சிய அண்ணாச்சி?"

"அதேதான். அந்தப் பிள்ளைக்கு அதக் குடுத்திட்டு, எனக்கு மட்டும் நல்லதா ஒண்ணு போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

அன்று அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து இந்தப் பத்திரிகையில் சொல்கிறேன், அண்ணாச்சி. என் வீட்டுக்காரியை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் நீங்கள்தான்.