நாவலுக்கு எதிராக ஒரு மனு

"இன்னையோட இந்த வீட்டுல நாவல் படிக்கிற வேல நிக்கணும்!"

ரிவர்ஸ்டன் போகிற பாதையில், ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர் லெட்சுமணன், ஞாயிற்றுக்கிழமை காலைத் தேத்தண்ணியோடு இந்தச் சட்டத்தைப் பிறப்பித்தார். வருஷம் இரண்டாயிரத்து மூன்று. நாட்டில் யுத்த நிறுத்தம். லெட்சுமணன் வீட்டில் மட்டும் அன்றைக்குத்தான் யுத்தப் பிரகடனம்.

எதிர்த்தரப்பில் இரண்டே பேர். மனைவி சந்திரகாந்தா தையல் மெஷினில் இருந்தாள். மகள் யோகராணி, பதினாறு வயது, பச்சை அட்டை போட்ட நாவல் ஒன்றில் முகத்தைப் புதைத்திருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் யோகராணிக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. ஒரு காதில் மெஷின் மாட்டியிருப்பாள். மீதியை எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். நாம் கேட்பது அவளுக்குக் கேட்காது; ஆனால் அவள் ஒன்றைக் கேட்டுவிட்டால் கிடைக்கும்வரை விடமாட்டாள்.

இப்போது அவள் கேட்டிருந்தது யாழ்ப்பாணப் பயணம். அங்கே பாடசாலை நாடக விழா. அவளுடைய பள்ளிக்கூடம் பேச்சே இல்லாத ஒரு நாடகம் போடுகிறது. யோகராணிதான் கதாநாயகி. ஐந்து நாள் பயணம், ஏ ஒன்பது பாதையால் பஸ்ஸில். அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

லெட்சுமணன் முடியாது என்றார். சொன்னதோடு நிற்காமல், மகளுக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று விசாரணையும் நடத்தினார். குற்றவாளி அந்தப் பச்சை அட்டைதான் என்று முடிவாயிற்று. டவுன் நூலகத்தில் மஸீஹா மிஸ் புதிதாக ஓர் இளையோர் அலுமாரி வைத்திருந்தார். அதிலிருந்து வந்த நாவல். அதில் செவ்வந்தி என்று ஒரு பெண், போலியோவில் ஒரு கால் சூம்பியவள், அப்பன் சொல்லைத் தட்டிவிட்டு ரயிலேறப் பார்க்கிறாளாம்.

"நாவப்பழம் தின்னா நாக்குதான் நீலமாகும். நாவல் படிச்சா புத்தியே நீலமாயிரும்" என்றார் லெட்சுமணன்.

யோகராணி அவர் உதட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"மத்த கதையில எங்கள மாதிரி புள்ளைங்க வந்தா, கடைசியில சுகமாயிரும், இல்லாட்டி செத்துப்போயிரும்ப்பா. இதுல அவ அப்பிடியே இருக்கா. சண்ட போடுறா. களவா மாங்கா பறிச்சுத் திங்கிறா. எனக்குப் புடிச்சிருக்கு."

"களவு வேற பழக்குதா! நூலகத்துக்கு மனு எழுதி இத அலுமாரிய விட்டே எடுக்க வைக்கிறேன் பாரு."

சந்திரகாந்தா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

"எழுதுங்க. ஆனா மஸீஹா மிஸ் எந்தப் பக்கம், எந்த வரின்னு கேப்பாங்க. படிக்காம எழுதினா பெரிய கிளாக்கருக்கு மரியாதையா இருக்காது."

நியாயமான பேச்சு. லெட்சுமணன் நாவலைப் பறிமுதல் செய்தார். ஒரு ஃபுல்ஸ்கேப் தாளையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு விறகுக் கொட்டிலுக்குள் போனார்.

பன்னிரண்டாம் பக்கத்தில் முதல் குற்றம் அகப்பட்டது. செவ்வந்தியும், ஸுபைதா என்ற முஸ்லிம் பிள்ளையும், ஒரு சிங்களப் பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். 'ஒழுங்கீனம்' என்று எழுதினார். எழுதிய கையோடு ஒப்பீஸில் தானும் ஸ்டோர் கீப்பர் கலந்தரும் பதினேழு வருஷமாக ஒரே சோத்துப் பார்சலைப் பிரித்துத் தின்பது ஞாபகம் வந்தது. அடித்தார். முப்பத்தோராம் பக்கத்தில் மாங்காய்க் களவு. 'களவு' என்று எழுதினார். அந்த மாமரத்துச் சொந்தக்காரன் எப்பேர்ப்பட்ட கஞ்சன் என்று முப்பத்திரண்டாம் பக்கத்தில் தெரிந்தது. அதையும் அடித்தார்.

ஐம்பதாம் பக்கத்துக்குப் பிறகு சிவப்புப் பேனா காதில் செருகியபடியே இருந்துவிட்டது.

திங்கட்கிழமை நாவல் ஒப்பீஸுக்குப் போனது. ஆள்வரவு பதியும் செக்ரோலுக்குள் ஒளித்து வைத்துப் படித்தார். செவ்வாய்க்கிழமை மாத்தளைக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் படித்தார். இறங்குகிற இடத்தைத் தாண்டி இரண்டு கட்டை தூரம் போய், மழையில் நடந்து வந்தார். நாவல் மட்டும் நனையவில்லை. அது சட்டைக்குள் இருந்தது. புதன்கிழமை கக்கூசுக்குள் போனவர் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை.

"என்னாங்க, வயித்துக்கு ஏதும் சரியில்லையா?" வெளியே நின்று சந்திரகாந்தா கேட்டாள்.

"ம்... கொஞ்சம் இறுக்கம்."

"உள்ளுக்க அழுற சத்தம் கேட்டுச்சே?"

"அவ்வளவு இறுக்கம்!"

வெள்ளிக்கிழமை இருநூற்றெட்டாம் பக்கம். செவ்வந்தி ரயில் நிலையத்தில் சூம்பிய காலோடு நிற்கிறாள். கையில் கையெழுத்தில்லாத அனுமதிக் கடிதம். ரயில் வருகிறது. தூரத்தில் அப்பா ஓடி வருகிறார். லெட்சுமணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்.

பச்சை அட்டை. அவ்வளவுதான். கடைசி முப்பத்திரண்டு பக்கங்களைக் காணவில்லை!

சனிக்கிழமை நூலகம் திறக்கும்போதே வாசலில் நின்றார். மஸீஹா மிஸ் அட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"பின் பகுதி கழண்டு போச்சு சேர். நல்லாத் தைக்கிறவங்கன்னு உங்க ஊட்டு மெடத்துக்கிட்டதான் குடுத்தன். மெடம் சொல்லல்லியா?"

மெடம் சொல்லவில்லை. லெட்சுமணன் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். சந்திரகாந்தா மெஷினில் இருந்தாள். பக்கத்தில் யோகராணி பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"காந்தா, அந்த மிச்சப் பக்கத்தக் குடு. மனுவுக்கு வேணும்."

"இருநூத்தியெட்டுப் பக்கத்துல ஒரு குத்தமும் கெடைக்கலியா?"

"மனுன்னா முழுசாப் படிச்சுட்டுத்தான் எழுதணும்."

"எங்க, எழுதினதக் காட்டுங்க."

ஃபுல்ஸ்கேப் தாள் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் எடுத்து விரித்தாள். எல்லாக் குற்றமும் அடித்திருந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி, இரண்டு கோடு போட்டு: 'இந்த அப்பனுக்கு அறிவே கிடையாது.'

"யாரு, நீங்களா?"

"நாவல்ல வர்ற அப்பன்! கல்லு மனசுக்காரன். புள்ள அந்தக் காலோட அவ்வளவு தூரம் நடந்து போயிருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டா கையா முறிஞ்சிரும்? போட்டானா இல்லியா, அத மட்டுமாவது சொல்லு காந்தா!"

மெஷின் நின்றது. யோகராணி அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் தப்பவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது.

லெட்சுமணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"அது கதை காந்தா. நான் தொண்ணூறுல செக் பொயிண்ட்ல ஒரு மணி நேரம் கையத் தூக்கிக்கிட்டு நின்னவன். ஓமந்தையில இறக்குவான், முகமாலையில இறக்குவான். நில்லுன்னு ஒருத்தன் கத்துவான். இவளுக்குக் கேக்காது. இவ பாட்டுக்கு நடப்பா. அப்புறம்?"

யோகராணி பித்தானைக் கீழே வைத்தாள்.

"அப்பா, எனக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும். அதுனாலதான் எங்க போனாலும் எல்லார் மூஞ்சியயும் பாத்துக்கிட்டே நடக்கிறேன். போன மாசம் றோட்டுல லொறி வந்தப்ப உங்களப் புடிச்சு இழுத்தது யாரு? காது கேக்கிற நீங்க பேப்பர் பாத்துக்கிட்டு வந்தீங்க."

லெட்சுமணன் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். இழுத்த இழுப்பில் சட்டைக்கை கூடக் கிழிந்திருந்தது.

"சரி, பக்கத்துல நம்பிக்கையான ஆள் ஒருத்தர் இருந்தா..."

"இருப்பாங்க. நான் கேட்டுட்டேன். நல்ல மனுஷர்" என்றாள் சந்திரகாந்தா. மெஷின் மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்தாள். ஒரு பக்கம் பள்ளிக்கூடத்து அனுமதிப் போம். மறு பக்கம் நூல் போட்டுத் தைத்த முப்பத்திரண்டு பக்கங்கள். போமை நீட்டினாள். பக்கங்களைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல இது."

லெட்சுமணனின் கண் அவள் மடியிலேயே இருந்தது. கை மட்டும் சிவப்புப் பேனாவால் கையெழுத்தைப் போட்டது. யோகராணி துள்ளி எழுந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் அப்படியே, சந்திரகாந்தா நீட்டிய பக்கங்களை வாங்கி, மகளின் தோளுக்கு மேலாக மிச்சக் கதையைப் படித்து முடித்தார். நாவலில் வந்த அப்பனும் கையெழுத்துப் போட்டுவிட்டான். லெட்சுமணன் மூக்கைச் சிந்தினார்.

"கடைசியில அவனுக்கும் புத்தி வந்துருச்சு காந்தா. அது சரி, பக்கத்துல இருக்கப் போற அந்த நல்ல மனுஷர் யாரு?"

அவள் போமைத் திருப்பிக் காட்டினாள். கையெழுத்துக்கு மேலே அச்சில் இருந்தது: 'பொறுப்பாளராக நானும் உடன்செல்லவும், ஐந்து நாளும் முப்பது மாணவிகளுக்குச் சமைக்கவும் சம்மதிக்கிறேன்.'

"எனக்குத் தண்ணி சுட வைக்கவே தெரியாதே!" என்று அலறினார் லெட்சுமணன்.

சந்திரகாந்தா ஊசியில் நூலைக் கோத்தாள்.

"இருநூத்தி நாப்பது பக்கம் படிச்சவருக்கு இந்த ஒரு பக்கத்தப் படிக்கத்தானா பொழுதில்லாமப் போச்சு?"