தாத்தாவின் கோட்டுப் போட்ட வெருளி

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
சனிக்கிழமை

அன்பும் பெருமதிப்பும் உள்ள றெனோல்ட் மச்சான் அவர்களுக்கு,

லண்டனில் உங்கள் சுகத்துக்கும் மச்சாளின் முழங்காலுக்கும் அந்தோனியாரை மன்றாடிக்கொண்டு யோசெப் எழுதுவது. போனில் கதைத்தால் உங்கள் தங்கை றோசலினுக்குக் கேட்டுவிடும். அதனால் கராஜுக்குள் ஒளிந்திருந்து எழுதுகிறேன், படமெடுத்து அனுப்புவேன்.

நாங்கள் வாங்கிய வளவின் பின்பக்கம் ஒரு பழைய மரக்குற்றி வீடு இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் முதன்முதல் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் கட்டியது. அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருப்பவர் மடாம் ஜெர்வே ஒருவர்தான். இடிக்காமல் பழையபடி திருத்தினால் கண் மூடுமுன் ஒருமுறை பார்ப்பேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நானும் வாக்குக் கொடுத்தேன். நாளை பூசை முடிய வருகிறார்.

குற்றிகளுக்கு இடையில் ஓட்டையைக் கண்டதும் ஊர்ப்பழக்கத்தில் சீமெந்து குழைத்து அடைத்தேன், தச்சர் வந்து மரம் உக்கிப்போகும் என்று தலையில் அடித்துக்கொண்டார், எல்லாவற்றையும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைத்தேன், கூரையிலிருந்த ரக்கூன்களைக் கலைத்தால் அவை குடும்பத்தோடு என் கராஜுக்குக் குடிவந்தன, இதையெல்லாம் பொறுத்தேன் மச்சான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என்ன வடிவான வீடு என்று வாய் நிறையப் புகழ்ந்தாள், அன்றைக்கே நான் ஏணியால் விழுந்தேன், உடனே உங்கள் தங்கை, ஒரு ஞாயிறும் பூசை தவறாத மனுசி, "நாவூறு பட்டிட்டுது. வீட்டுவேலை நடக்கேக்க வெருளி வைக்காத சனம் எங்க இருக்கு? நீங்கள் சும்மா இருங்கோ" என்று வைக்கோல் அடைத்து ஒரு வெருளி கட்டி, வாசலில் நாற்காலி போட்டு இருத்திவிட்டாள். அதற்குப் போட்ட உடுப்பு எது தெரியுமா? தொடவேண்டாம் என்று மடாம் சொல்லி வைத்த பெட்டியிலிருந்த, அவருடைய தாத்தாவின் கலியாணக் கோட்டும் தொப்பியும்!

நேற்று அதே பக்கத்து வீட்டுக்காரி வெருளிக்குத் திரும்பத் திரும்பப் போன்ஜூர் சொல்லியும் பதில் இல்லையாம். கிழவர் ஒருவர் விறைத்துப்போனார் என்று பொலிசுக்குப் போன் அடித்துவிட்டாள். அம்புலன்சும் வந்தது. நாடி பிடித்த பெடியனின் கையில் வைக்கோல்தான் வந்தது. பொலிஸ்காரர் என்னைப் பார்த்த பார்வையை எந்த வெருளியாலும் தடுக்க முடியாது.

கழற்றச் சொன்னால், "மடாம் வந்து புகழ்ந்தா அந்த இடத்திலயே கூரை இறங்கும். பேந்து அழாதேங்கோ" என்கிறாள். உங்கள் சொல்லுக்கு மட்டும்தான் அடங்குவாள். இன்றைக்கே போன் எடுத்து நல்லாய் ஏசுங்கள். அந்தக் கோட்டைக் கண்டால் மடாம் என் முகத்தில் முழிப்பாரா?

மடுமாதா உங்கள் வீட்டாரைக் காக்கட்டும். மச்சாளின் முழங்காலுக்கு எண்ணெய் தவறவேண்டாம்.

உங்கள் நொந்துபோன
யோசெப்

பி.கு.: நேற்று ரக்கூன் துரத்தியதில் அனுப்பாமலே ஓடிவிட்டேன். நல்லதாய்ப் போயிற்று. இன்று மடாம் வந்தார், வாசலிலேயே நின்றுவிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் வெருளியின் தொப்பியைக் கொஞ்சம் சரித்துவிட்டு, "தாத்தா இப்படித்தான் இருப்பார். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லமாட்டார்" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஒரு கதிரை கேட்டு வாங்கி வெருளிக்குப் பக்கத்தில் போட்டுப் பின்னேரம் வரை இருந்தார். இனி ஒவ்வொரு ஞாயிறும் வருவாராம், தாத்தாவை எடுக்கவே கூடாதாம். ஆகவே தங்கையை ஏசவேண்டாம் மச்சான். வெருளி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நான் முதுகு முறியத் திருத்திய வீட்டை மடாம் கடைசிவரை ஒரு வார்த்தை புகழவில்லை.