ஆணி அடிக்கக் கூடாத வீடு

தெருவில் சரவெடி வெடிக்கும்வரை கவியரசன் சுத்தியலை ஓங்கியபடியே நின்றான். வெளியே ‘டமார்’ என்றதும் உள்ளே ‘டொக்’. அடுத்த ‘டமாரு’க்கு அடுத்த ‘டொக்’. தீபாவளியன்று கீரனூரில் வெடி வெடித்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். வெடிச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு ஆணி அடித்தவன் அநேகமாக அவன் ஒருவன்தான்.

“எறங்கிருச்சாங்க?” வாசலில் காவலுக்கு நின்ற மனைவி செல்வராணி கிசுகிசுத்தாள்.

“எறங்கிருச்சு. ஆனா வெண்ணெயில எறங்குன மாதிரி எறங்குச்சு. அதான் ஒரு மாதிரியா இருக்கு.”

“மொதல்ல சுத்தியல ஒளிச்சு வைங்க. மேல கேட்டுரப் போகுது.”

மேலே என்றால் மாடி. மாடியில் வீட்டுக்காரம்மா பொன்னுத்தாய். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர். குடிவந்த அன்றைக்கே சொல்லியிருந்தார். “கறி மீனு ஆக்குங்க, சொந்தக்காரங்கள வரச் சொல்லுங்க, நடு வீட்டுல நின்னு சண்ட கூடப் போட்டுக்கங்க. ஆனா என் செவுத்துல ஒரு ஆணி விழக் கூடாது தம்பி. விழுந்துச்சு, அன்னைக்கே காலி.”

கவியரசன் பயந்த ஒரே சொல் ‘காலி’. மூன்று வருஷத்தில் இது நாலாவது வீடு. முதல் வீட்டில் ஓனர் மகனுக்குக் கல்யாணம். இரண்டாவதில் வாஸ்து. மூன்றாவதில் காரணம்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் இலக்கியா, இந்த வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“இங்க இருப்போமாப்பா? இருக்குறதா இருந்தாத்தான் ஃப்ரெண்டு புடிப்பேன்.”

“இருப்போம்டா” என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவளும் நம்பி, பக்கத்து பெஞ்சு ஃபர்ஹானாவைப் பிடித்துக்கொண்டாள். அதே வேகத்தில் மாறுவேடப் போட்டியில் கத்தரிக்காயாகப் போய் இரண்டாம் பரிசும் வாங்கினாள். அந்தக் கத்தரிக்காய்ப் படத்துக்கு ஃபிரேம் போட்டுவிட்டுத் தரையில் சாத்தியா வைக்க முடியும்? அதற்குத்தான் அந்த ஆணி.

மறுநாள் காலையில் படத்துக்குக் கீழே, சுவரில் அப்பளம் அகலத்துக்கு ஈரம்.

“பைப்புல அடிச்சுட்டேன் செல்வி!”

“போய்ச் சொல்லிருங்க. திட்டுனா வாங்கிக்குவோம்.”

“திட்டுனாப் பரவால்ல. காலி பண்ணச் சொன்னா? புள்ள மூஞ்சிய நீ பாப்பியா, நான் பாக்கவா?”

செல்வராணி முந்தானையால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள்.

திருச்சி பஸ்ஸுக்குக் கிளம்பி வெளியே வந்தால், வீட்டுக்காரம்மாவின் கணவர் கண்ணுசாமி தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக ஊர்க்குளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். மழை தூறிக்கொண்டிருந்தது.

“என்னங்கய்யா, மழையில கொளத்துக்கு? வேண்டுதலுங்களா?”

கண்ணுசாமி மாடியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். “மேலிடத்து உத்தரவு தம்பி” என்றார். போய்விட்டார்.

கவியரசனுக்குக் குற்ற உணர்ச்சி கூடிப்போனது. மேலே ஒரு பக்திமான். அவர் சுவரிலா ஓட்டை போட்டோம்?

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லாமல் தப்ப முடியாது. கவியரசனுக்கு வேலை, திருச்சியில் ஒரு பெயிண்ட் கடையில். அவன் அதிகம் விற்பது, சுவரில் ஈரம் ஏறும் ஓதத்தைத் தடுக்கிற பூச்சு. “ஓதத்த மறைக்காதீங்க சார். ஓதம்கிறது பூச்சிக்கு நாம வைக்கிற பத்திரிகை. கரப்பானுக்குச் சோறு இல்லாட்டியும் ஈரம் இருந்தாப் போதும், சொந்தபந்தத்தோட வந்து எறங்கிரும். ஜன்னலத் தொறங்க, காத்து போகட்டும், செவுரு காஞ்ச பெறகு பெயிண்ட்டு!” என்று வருகிறவர்களிடமெல்லாம் கை ஆட்டிப் பேசுவான். அந்தப் பேச்சுக்காகவே முதலாளி அவனை வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் அதே கவியரசன், சாப்பாட்டு டப்பாவில் பெயிண்ட்டை ஒளித்து எடுத்துவந்து, ஈரச் சுவரிலேயே அடித்தான். இரண்டே நாளில் பெயிண்ட் பூரி மாதிரி உப்பி நின்றது. இலக்கியா ஒவ்வொன்றாகக் குத்தி உடைத்தாள். டப்பாவைக் கழுவிய பிறகும் மூன்று நாள் தயிர் சாதம் பெயிண்ட் வாசம் அடித்தது.

அடுத்து, நகைக்கடையில் கொடுத்த பெரிய காலண்டரை அதே ஆணியில், படத்துக்குக் கீழே தொங்கவிட்டான். ஈரக் காகிதத்துக்கு எங்கிருந்தோ வெள்ளிப் பூச்சிகள் வந்து சேர்ந்தன. வைகுண்ட ஏகாதசியை முழுசாகவும், கிறிஸ்துமஸைப் பாதியாகவும் தின்றுவிட்டு, பக்ரீத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

“மத பேதமில்லாத பூச்சிங்க” என்றாள் செல்வராணி.

அப்பளம் தோசைக்கல் ஆனது. தோசைக்கல் முறம் ஆனது. இனி காலண்டர் போதாது என்று பீரோவை இழுத்து வந்து சுவரை ஒட்டி நிறுத்தினான். இரும்புக் கால் தரையில் இழுபட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். மாடியில் நடமாட்டம் சட்டென்று நின்றது.

காற்றும் வெளிச்சமும் போகாத பீரோ முதுகில் கரப்பான்கள் குடும்பம் குடும்பமாகக் குடியேறின. அட்வான்ஸ் கிடையாது, கண்டிஷன் கிடையாது, காலி பண்ணச் சொல்லவும் ஆள் கிடையாது. கவியரசனுக்கு அவற்றின் மேல் பொறாமையே வந்தது. அதில் ஒன்று அவன் பையில் ஏறி, திருச்சி பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்து, கண்டக்டரின் காலரில் இறங்கிக்கொண்டது.

“யோவ், யாரு பையில இருந்துய்யா வந்துச்சு?” என்று கண்டக்டர் குதித்தார்.

கவியரசன் ஜன்னல் பக்கம் திரும்பி, வழியில் வந்த மாத்தூர் மரங்களை ரசித்தான்.

கரப்பானைத் தேடிப் பல்லி வந்தது. பீரோவின் பின்பக்கம் ஒருநாள் பூரான் ஊர்ந்தது. செல்வராணி தினமும் இரண்டு வேளை ஃபினாயில் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றித் துடைத்தாள். தரை காய்வதற்குள் அடுத்த வாளி. ஈரம் தேடி வருகிற பூச்சியைத் தண்ணீர் ஊற்றி விரட்டுகிறோமே என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டியவன் அந்த அறிவையெல்லாம் திருச்சிக் கடையில் விற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான்.

பின்பக்க ஜன்னலும் ஒரு தலைவலி. பொன்னுத்தாய் கொல்லையில் கீரை பறிக்க வந்தால் உள்ளே தெரியும். ஜன்னலை இறுக்கிச் சாத்தினான். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மிச்சம் தெரிந்த சுவரை மறைக்கக் கொடி கட்டி, துவைத்த துணியையெல்லாம் அதில் தொங்கவிட்டான். போர்வை, பள்ளிச் சீருடை, தன் வேட்டி. ஈரத் துணி சொட்டச் சொட்ட, திரைச்சீலை தயார்.

ஒருநாள் பொன்னுத்தாய் கொல்லையிலிருந்தே கேட்டுவிட்டார். “ஏன் தம்பி, இந்த ஜன்னலத் தொறக்கவே மாட்டேங்கிறீங்க?”

“கொசுங்கம்மா!”

அவர் பார்வை வெளிச்சுவரில் படர்ந்திருந்த பச்சைப் பாசியில் நின்றது. “செவுரு கிவுரு ஏதும்…”

“செவுரு ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்குங்கம்மா!”

“நல்ல செவுருதானே அது!” என்றார் பொன்னுத்தாய், அவனைவிட வேகமாக. கீரையைப் பறிக்காமலே போய்விட்டார்.

‘தெரிஞ்சுபோச்சு. நம்ம வாயால வரட்டும்னு காத்திருக்காங்க’ என்று கவியரசனுக்குப் பட்டது. அந்த அம்மாள் தினமும் காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருத் தங்கச்சி வீட்டுக்குப் போய் வருவார். அங்கே உட்கார்ந்து தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். கண்ணுசாமியோ மார்கழிப் பனியிலும் குளத்துக்குப் போவதை விடவில்லை. பல் தந்தியடிக்கத் திரும்பி வருவார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் கவியரசன் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

பொங்கல் முடிந்த வாரம், மாடிப்படியில் நின்று பொன்னுத்தாய் சொன்னார். “ஞாயித்துக்கெழம நானும் ஐயாவும் கீழ வாரோம் தம்பி. வீட்டப் பத்திக் கொஞ்சம் பேசணும்.”

அன்று இரவு மூவரும் சரியாகச் சாப்பிடவில்லை. இலக்கியா தட்டைப் பார்த்தபடி கேட்டாள். “அப்ப ஃபர்ஹானாகூட நாளையிலேருந்தே பேசாம இருந்து பழகிக்கவாப்பா?”

கவியரசன் எழுந்துபோய்க் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டில் அடித்த பூஞ்சண வாடையை மறைக்கச் செல்வராணிக்கு ஒரு யோசனை. “சாம்பிராணி போட்டுருவோம். கமகமன்னு இருக்கும்.”

நல்ல யோசனைதான். தூபக்காலைப் பீரோவுக்குப் பக்கத்தில் வைத்து, முறத்தால் விசிறினாள். புகை சுழன்று பீரோவின் பின்னால் நுழைந்தது. சரியாக அந்த நேரம் பொன்னுத்தாயும் கண்ணுசாமியும் உள்ளே நுழைந்தார்கள்.

“வாங்கம்மா, வாங்கய்யா. உக்காருங்க, காப்பி போடுறேன்.”

“இருக்கட்டும் தாயி. வீட்டப் பத்தித்தான்…” என்று பொன்னுத்தாய் ஆரம்பித்தார்.

மூச்சு முட்டிய முதல் கரப்பான் பீரோவின் தலையில் ஏறி நின்று நிலவரம் பார்த்தது. அப்புறம் மற்றவை வந்தன. மேலே, கீழே, பக்கவாட்டில், திருவிழாக் கூட்டம் கலைவதுபோல. ஒன்று பறந்துபோய்ப் பொன்னுத்தாயின் முந்தானையில் உட்கார்ந்தது. கண்ணுசாமி துண்டால் தட்டிவிட்டார். தட்டிய வேகத்தில் துண்டு கொடியில் மாட்ட, கொடி அறுந்து ஈரப் போர்வையும் வேட்டியும் தொப்பென்று விழுந்தன. கறுப்பும் பச்சையுமாகச் சுவர் முழுசாகத் தெரிந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். சுவருக்கு மனசு வரவில்லை. ஈரத்தில் ஊறியிருந்த ஆணி தானாகவே கழன்று, கத்தரிக்காய் ஃபிரேமோடு பீரோவின் தலையில் மோதி, பொன்னுத்தாயின் காலடியில் வந்து விழுந்தது.

துருப்பிடித்த அந்த ஆணியை அவர் எடுத்துப் பார்த்தார்.

“ஒரே ஒரு ஆணிதாங்கம்மா!” கவியரசன் முந்திக்கொண்டான். “தீவாளியன்னைக்கு அடிச்சேன். பைப்பு ஒடஞ்சுபோச்சு. எல்லாச் செலவும் நான் பாத்துக்கறேன். என்ன வேணும்னாலும் திட்டுங்க. காலி மட்டும் பண்ணச் சொல்லாதீங்க. புள்ள இப்பதான் ஒரு ஃப்ரெண்டு புடிச்சிருக்கு.”

பொன்னுத்தாய் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று செல்வராணி பதறிப்போய்ப் பார்த்தால், அவர் பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாக இருந்தார்.

“அந்தச் செவுத்துல ஏது தம்பி பைப்பு? ஓதம் எங்க பாத்ரூம் தளத்துல இருந்துல்ல எறங்குது! தீவாளி எண்ணெக் குளியல் முடிஞ்சு வெளிச்செவுத்துல ஈரத்தப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆணி அடிச்சாப் பூச்சு உதிந்து குட்டு வெளிப்பட்டுருமேன்னுதான் அந்தக் கண்டிஷனே போட்டேன். மேஸ்திரியக் கூப்பிட்டா, கீழ எறங்கிச் செவுத்தப் பாக்கணும்பான், ஒங்களுக்குத் தெரிஞ்சுரும். ஒங்களுக்கு முன்னாடி இருந்த மூணு குடும்பமும் ஓதம் ஓதம்னே காலி பண்ணிட்டாங்க.”

“அப்ப இன்னைக்கு…”

“பீரோவ இழுக்குற சத்தம் கேட்டுச்சா, நீங்களும் மூட்ட கட்டுறீங்கன்னு நெனச்சுட்டேன். அன்னையிலேருந்து தூக்கமில்ல. எல்லாத்தையும் சொல்லி, காலி பண்ணிராதீங்கன்னு கேட்டுப் பாப்போம்னுதான் வந்தோம். எங்க பயலுக ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல. சாயங்காலமானா இந்தப் புள்ள மேல வந்து கத்திக் கத்தி வாய்ப்பாடு சொல்லும். அது இல்லாட்டி அந்த வீட்டுல கடியாரச் சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டு இருக்கணும்.”

இலக்கியா அப்பாவின் சட்டையை இழுத்தாள். “அப்ப ஃபர்ஹானாகூடப் பேசலாமாப்பா?”

“பேசுடா. சண்ட கூடப் போடலாம். நெறைய நாள் இருக்கு.”

செல்வராணி ஜன்னலைத் திறந்தாள். தீபாவளிக்குப் பிறகு முதல்முறையாக வெயில் உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து நின்றது. மறுநாளே மேஸ்திரியைக் கூப்பிடுவது என்றும், தளம் முடியும்வரை மாடிக்காரர்கள் குளிக்கக் கீழ்வீட்டுக்கு நாலு நடை ஏறி இறங்கிச் சமாளிப்பது என்றும் ஐந்தே நிமிஷத்தில் முடிவானது. பெயிண்ட் பொறுப்பு கவியரசனுடையது. “செவுரு நல்லாக் காஞ்ச பெறகுதாங்கம்மா அடிக்கணும்” என்று அவன் தொழில் குரலில் சொன்னபோது, செல்வராணி இருமினாள்.

மனம் நிறைந்துபோய்க் கவியரசன் கண்ணுசாமியின் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். “எல்லாம் ஐயாவோட வேண்டுதல்தாங்க. மழ, பனின்னு பாக்காம விடியக்காலம் கொளத்துல மூழ்குனீங்களே, அந்தப் புண்ணியம்தான் எங்களக் காப்பாத்துச்சு.”

கண்ணுசாமி கீழே குனிந்தார். அறுந்து கிடந்த ஈரப் போர்வையை எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. சுவரைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், கடைசியில் கவியரசனைப் பார்த்தார்.

“வேண்டுதலா? ஒங்க செவுரு காயட்டும்னு இவ தீவாளிக்கு மறுநாளே மேல குளிக்கிறத நிறுத்திப்புட்டு, தான் தங்கச்சி வீட்டுக்கும் என்னையக் கொளத்துக்குமா ஓட்டிவிட்டா. நீங்க மட்டும் இந்தப் போர்வைய மொட்ட மாடியில காயப் போட்டிருந்தா, நான் மார்கழி பூராவும் வெந்நியில குளிச்சிருப்பேனே தம்பி!”