கால்சட்டையில் அரை அங்குலம்

இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும், என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இப்போதே உதிரட்டும். சத்தியமாக நடந்தது இது.

எங்கள் தெருமுனைத் தையல்காரருக்குக் குரல் பெரிது. அளவெடுக்கும்போது இடுப்பு இவ்வளவு என்று அவர் கூவினால், உள்ளே பொத்தானுக்குக் காஜா எடுக்கும் மனைவிக்கு மட்டுமல்ல, எதிர்சாரி ரொட்டிக் கடைக்கும் கேட்கும். அந்த வாயால்தான் வினை வந்தது. மகளுக்குப் பள்ளிச் சீருடை அளவெடுத்தபோது, கடை நிறைய ஆள் இருக்க, போன வருஷத்தைவிடத் துணி நிறையப் பிடிக்கும் போலிருக்கே என்று கூவிவிட்டார். அன்றிலிருந்து பெண் ராத்திரித் தட்டைத் தொடவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. ஒருநாள் விளையாட்டு மைதானத்தில் மயங்கி விழுந்தவளை டீச்சர்தான் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

வாயால் கெடுத்ததைக் கத்தரியால் சரிசெய்வதென்று தையல்காரர் சபதம் எடுத்தார். மகளின் சீருடையைப் பிரித்து இடுப்பைத் தளர்த்தித் தைத்தார். துணி தொளதொளத்தால், இளைத்துவிட்டோம் என்று நம்பிச் சாப்பிடுவாள் அல்லவா? தன் மூளையை நினைத்துத் தானே சிலிர்த்துக்கொண்டார்.

ஆனால் இறுகியது அவருடைய கால்சட்டை. ஒன்றல்ல, எல்லாமே. மூச்சை உள்ளிழுத்துப் பொத்தானைப் போட்டார். மூச்சை விட்டதும் அது தெறித்துத் தெருவைத் தாண்டி ரொட்டிக் கடைக்காரரின் தேநீரில் விழுந்தது. நானே பார்த்தேன். பயந்துபோய் அவரும் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா சாப்பிடல?"

"இடுப்பு பெருத்துடுச்சும்மா."

"பட்டினி கிடந்தா தலைதான் சுத்தும். விழுந்தவ சொல்றேன். உக்காருங்க, நானும் சாப்பிடறேன். காலையில ரெண்டு பேரும் நடக்கப் போகலாம். இடுப்பு எப்படி இருந்தா என்ன, நீங்க எங்கப்பாதானே?"

சொன்னது தன் காதிலேயே விழுந்ததோ என்னவோ, அவளே போய் இரண்டு தட்டு எடுத்து வந்தாள்.

அப்புறம் தினமும் நடை. பெண் முன்னால் ஓடுவாள், இவர் பின்னால் மூச்சிரைப்பார். கண்ணாடி முன்னால் அவள் மறுபடி தலை வாரிக்கொண்ட காலையில், தையல்காரர் தன் மனைவியிடம் போய்ச் சீருடை ரகசியத்தைப் பெருமையாக அவிழ்த்தார்.

அந்த அம்மாள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"அதை அன்னைக்கே பழையபடி தைச்சுட்டேன். பொய் சொல்ற துணி எம்பொண்ணுக்கு வேண்டாம்."

"அப்புறம் எப்படிச் சாப்பிட்டா?"

"நாம சொன்னா கேக்கமாட்டா. அப்பா பசியோட கிடந்தா சும்மா இருக்கமாட்டா. அதான் உங்க கால்சட்டை எல்லாத்துலயும் அரை அங்குலம் பிடிச்சேன்."

"பொய் சொல்ற துணி எனக்கு மட்டும் பரவாயில்லையா?"

"உங்களுக்குப் பழக்கந்தானே."

கோபப்படத்தான் வாயைத் திறந்தார். உள்ளே மகள் இன்னொரு முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். மனைவியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

இப்போதெல்லாம் அளவை வாடிக்கையாளர் காதில் கிசுகிசுக்கிறார். நமக்குத்தான் காது கூசுகிறது.

நான்தான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். தைக்கக் கொடுத்த என் கால்சட்டை இன்னும் அந்த அம்மாள் கையில்தான் இருக்கிறது.