நாற்பத்தொரு கேள்விகள்

இசைத்தாளின் அறுபத்துநான்காவது கட்டத்தில், குழுவை நடத்தும் மாஸ்ட்ரோ லோ குச்சியைத் தாழ்த்தினார். ஐம்பத்திரண்டு வாத்தியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. அவர் திரும்பி, காலியான அரங்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்த பஹாரினைப் பார்த்து, 'ஐயா' என்பதற்கு மலாயில் சொல்லும் 'எஞ்சே' சேர்த்துக் கூப்பிட்டார்.

"எஞ்சே பஹாரின், இங்க ரெண்டாவது ஹார்னுக்கு ஒரு ஸ்வரம் எழுதியிருக்கீங்க. மத்தவங்களோட ஒட்டவே இல்ல. வேணும்னே போட்டதா, கை தவறிடுச்சா?"

பஹாரின் யோசிப்பது போல மோவாயைத் தடவிக்கொண்டார்.

"வேணும்னேதான்."

மாஸ்ட்ரோ தலையசைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். பதில் சொன்னதைவிட அந்த நோட்டுதான் பஹாரினைப் பயமுறுத்தியது.

விஷயம் இதுதான். பஹாரினுக்கு இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. அந்தத் தாளில் எந்த வரி ஹார்ன், எந்த வரி வயலின் என்பதுகூட ஓரத்தில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும்.

அவர் இருபது வருடம் எலெக்ட்ரிக் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஈப்போவிலிருந்து ஜொகூர் வரை ஒரு திடல் விடாமல் கத்தியவர். இடுப்பு வரை முடி. நீளமுடிக்காரர்களைத் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை என்று ஆனபோது மற்ற ராக் பாடகர்கள் வெட்டிக்கொண்டார்கள். இவர் வீம்பாக இருந்தார். இரண்டு வருடம் கழித்து இவரும் வெட்டிக்கொண்டபோது கூப்பிட ஆளில்லை.

சும்மா இருந்த அந்தக் காலத்தில்தான் தலைக்குள் ஒன்று ஓட ஆரம்பித்தது. அவருடைய அப்பா பத்து காஜா பக்கம் ஈயம் தோண்டும் மிதவைக் கப்பலில் வேலை பார்த்தவர். இரும்பு வாளிகள் சங்கிலியில் ஏறி ஏறி இறங்கும் சத்தமும், அதன்மேல் நீளமாக ஒரு மெட்டும் விடாமல் கேட்டன. கித்தாரில் வாசித்துப் பார்த்தார், அடங்கவில்லை. ஐம்பது பேர் வேண்டும் என்று தோன்றியது. மூன்று வருடம் காரோட்டிக்கொண்டே முனகி முனகிப் பதினேழு கேசட் நிரப்பினார். அதையெல்லாம் கேட்டு, இவர் வாயால் சொல்லச் சொல்ல எந்த வாத்தியத்துக்கு எது என்று தாளில் எழுதிக் கொடுத்தவர் தாவுத், போலீஸ் பேண்டிலிருந்து ஓய்வுபெற்றவர்.

இதை மறைக்க வேண்டும் என்று பஹாரின் நினைத்ததே இல்லை. ஒரு பத்திரிகைக்காரர்தான் 'தானாகவே இசைக் குறிப்பு கற்றுக்கொண்டு சிம்பொனி எழுதிய ராக் பாடகர்' என்று போட்டுவிட்டார். இவர் மறுக்கவில்லை. படிக்க நன்றாகத்தான் இருந்தது. அதைப் படித்துவிட்டு நகரத்து இசைக்குழு கூப்பிட்டது. கூப்பிட்ட பிறகு எப்படி மறுப்பது?

அன்று மாலையே தாவுத் வீட்டுக்குக் காரை விட்டார். தாவுத் உம்ரா செய்ய மெக்காவுக்குப் போயிருப்பதாகவும், வர மூன்று வாரம் ஆகும் என்றும் மகள் சொன்னாள். கச்சேரிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அடுத்த ஒத்திகையில் மாஸ்ட்ரோ நோட்டோடு வந்தார். நாற்பத்தொரு கேள்விகள். ஒரு ஸ்வரமோ ஒரு பகுதியோ, எழுதியது சரியா தப்பா என்பதுதான் எல்லாம். ஒவ்வொன்றுக்கும் கட்ட எண், வாத்தியத்தின் பெயர், அடியில் அளவுகோல் வைத்துக் கோடு. மாஸ்ட்ரோ லோ வியன்னாவில் படித்தவர். கைக்குட்டையைக்கூட நான்கு மூலையும் சரியாக வருகிறதா என்று பார்த்து மடிப்பவர். மணிலாவிலிருந்து வந்த ஒரு பியானோக்காரர், இவர் கேட்ட கேள்விக்கு முன்னுக்குப்பின் முரணாகப் பதில் சொன்னதற்காக, அன்றைக்கே அவரை விமான நிலையத்துக்கு அனுப்பிவைத்தவர் என்று குழுவில் ஒரு பேச்சு உண்டு.

"நிதானமா பாத்து எழுதிக் குடுங்க," என்றார் மாஸ்ட்ரோ. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

பஹாரின் நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். மனைவி ரொபியா ஆரம்பப்பள்ளி ஆசிரியை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். நேராகப் போய் உண்மையைச் சொல்லிவிடும்படி சொன்னாள்.

"சொன்னா நாளைக்கே பேப்பர்ல வந்துடும். முடியைத்தான் வெட்டிக்கிட்டேன். மூக்கையும் அறுத்துக்கணுமா?"

"அப்ப என்ன பண்ணப் போறீங்க, பாங்?"

அவர் அவளுடைய சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரு கேள்விக்குச் சரி, அடுத்ததற்குத் தப்பு என்று போட்டுக்கொண்டே போனார். ஒரே மாதிரி வந்தால் சந்தேகப்படுவார்கள் என்று நடுவில் மூன்று சரி சேர்ந்தாற்போலப் போட்டார். ரொபியா எட்டிப் பார்த்தாள்.

"என் கிளாஸ்ல இப்படித்தான் ஒருத்தன் போட்டான். அவனுக்கே பதினாலு மார்க்தான் வந்துச்சு."

மாஸ்ட்ரோ அந்தச் சிவப்புக் குறிகளை ஒன்றுவிடாமல் நிறைவேற்றினார். சரி போட்ட இடமெல்லாம் அப்படியே இருந்தது. தப்பு போட்ட இடத்தில் எது சரி என்று பஹாரின் சொல்லவில்லையே, அதனால் அங்கே வாசிக்கவே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். பாவம், பஹாரினின் பேனா டிராம்போன்காரர்கள் மேல்தான் அதிகம் விழுந்திருந்தது. வாளிச் சத்தம் வாசிக்க வேண்டிய அந்த நான்கு பேரும் இரண்டாம் பாகம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் கப்பல் வாளியே இல்லாமல் தண்ணீரில் மிதந்தது.

இடைவேளையில் டிராம்போன் செல்லையா தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பஹாரினின் பழைய ரசிகர் அவர்; அண்ணன் என்ற பொருளில் 'பாங்' என்றுதான் கூப்பிடுவார்.

"பாங், நாங்க நாலு பேரும் கொழலை மடியில வெச்சுக்கிட்டுப் பதினோரு நிமிஷம் உக்காந்திருக்கோம். பஸ் வராத ஸ்டாண்டுல மூட்டையோட உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. நாங்க ஏதாச்சும் தப்பு பண்ணிட்டமா?"

அது ஒரு ஏக்கம், அந்த வெறுமையில்தான் அப்பா இருக்கிறார் என்று பஹாரின் ஏதோ சொன்னார். செல்லையா கண் கலங்கிப் போய் மற்ற மூன்று பேரிடமும் அதைச் சொன்னார். அவர்கள் கலங்கவில்லை.

ஆனால் இசை மறுபடி தொடங்கி அந்த இடம் வந்ததும், பஹாரினின் முகம் தன்னை அறியாமல் சுருங்கியது. மாஸ்ட்ரோ அதைப் பார்த்துவிட்டார். உடனே நிறுத்தி, நோட்டை எடுத்து எழுதினார். முகம்தான் காட்டிக்கொடுக்கிறது என்று பஹாரினுக்குப் புரிந்தது. மறுநாள் மேடையில் போடும் பழைய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார்.

இது இன்னும் மோசமாகப் போயிற்று. மாஸ்ட்ரோ நாலு கட்டத்துக்கு ஒருதரம் திரும்பி அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியாததால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். மறுபடி பார்த்தார், மறுபடி குறைத்தார். இருபத்திரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியது முப்பத்தொரு நிமிடம் ஓடியது. புல்லாங்குழல் வாசித்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. போகும்போது செல்லையா குனிந்து, "பாங், இந்த வேகத்துல ஓடியிருந்தா உங்கப்பா கப்பல் ஒரு கிலோ ஈயம்கூட எடுத்திருக்காது," என்றார்.

பஹாரினுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. இத்தனை நாள் தலைக்குள் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது இப்போது அவருக்கே மறந்துவிடும்போல இருந்தது. கார் கேசட்டைப் போட்டால் அதிலும் மாஸ்ட்ரோவின் வேகமே கேட்டது. எல்லாவற்றையும் முதலில் இருந்தபடியே ஆக்கிவிட்டால் போதும் என்று தோன்றியது. தாவுத் எழுதியது பேனாவில், இவர்கள் போட்ட திருத்தமெல்லாம் பென்சிலில். அழித்துவிட்டால் முடிந்தது.

கடைசித் திருத்தம் செய்யவேண்டும் என்று சொல்லி, குழுவின் தாள்கள் மொத்தத்தையும் ஒரு தகரப் பெட்டியில் வாங்கி வந்தார். சனிக்கிழமை காலையில் அவரும் ரொபியாவும் தரையில் உட்கார்ந்து அழிக்கத் தொடங்கினார்கள். ரொபியா பள்ளியிலிருந்து ஆறு அழிப்பான் கொண்டுவந்திருந்தாள். மாலைத் தொழுகை நேரத்துக்குள் ஒரு பென்சில் கோடு மிச்சமில்லை. பாய் முழுக்க ரப்பர் தூள். பஹாரினுக்கு நாலு நாளுக்குப் பிறகு அன்றுதான் பசித்தது.

தாவுத் ஸ்வரங்களை மட்டும்தான் பேனாவில் எழுதியிருந்தார் என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. எங்கே மெதுவாக, எங்கே வேகமாக, எங்கே உரக்க, எங்கே தணிவாக என்பதையெல்லாம் அவர் பென்சிலில்தான் குறித்திருந்தார்.

மாஸ்ட்ரோ முதல் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாவதைப் புரட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எஞ்சே பஹாரின், ஒரு குறியும் இல்லையே. இதை எந்த வேகத்துல வாசிக்கிறது?"

அரங்கம் முழுக்க இவரையே பார்த்தது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார்.

"உங்க மனசுக்கு எப்படிப் படுதோ அப்படி வாசிங்க," என்றார்.

மாஸ்ட்ரோவின் முகம் வெளுத்துவிட்டது. தாளை மூடினார். குச்சியை உறையில் போட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, இன்றைக்கு இது போதும் என்று பொதுவாகச் சொல்லி, யாரையும் பார்க்காமல் வெளியேறினார். மணிலா பியானோக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது பஹாரினின் கண்முன்னால் வந்தது. அதன்பிறகு நடந்த இரண்டு ஒத்திகைகளுக்கும் அவர் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினார். அது பொய்யும் இல்லை.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. நகர மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பட்டுச்சட்டைக்காரர்கள். பின்பாதி முழுக்க பஹாரினின் பழைய ரசிகர்கள், நரைத்த தலையும் கறுப்புச் சட்டையுமாக. பஹாரின் திரைக்குப் பக்கத்தில் நின்றார். கழுத்துப்பட்டி இறுக்கியது. மாஸ்ட்ரோ அவரைக் கடந்து மேடைக்குப் போனபோது பார்வையைத் தரையிலேயே வைத்துக்கொண்டார். பஹாரினும் சுவரைப் பார்த்தார்.

குச்சி உயர்ந்தது.

தாளில் குறி எதுவும் இல்லாததால் ஐம்பத்திரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் காதுகொடுத்துக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் தடவினார்கள். பிறகு டிராம்போன்கள் நான்கும் சேர்ந்துகொண்டன. வாளிகள் ஏறின. சங்கிலி இழுபட்டது. சேற்றுத் தண்ணீருக்கு மேலே அந்த மெட்டு எழுந்தபோது பஹாரின் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டார். தலைக்குள் ஓடிய அதேதான். அதைவிடக் கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. முதல் பாகம் முடிந்ததும் கறுப்புச் சட்டைக்காரர்கள் விசிலடித்தார்கள். பட்டுச்சட்டைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். கடைசியில் இரண்டு தரப்பும் எழுந்து நின்றது.

கைதட்டல் ஓயாமல் தொடர்ந்தது. எழுதியவரை மேடைக்கு அழைத்துக் கைகுலுக்குவதுதான் வழக்கம். பஹாரின் கோட்டைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார். மாஸ்ட்ரோ ஒரே ஒரு முறை குனிந்து வணங்கிவிட்டு, எதிர்ப்பக்க வாசல் வழியாக வேகமாக இறங்கிப் போய்விட்டார். செல்லையாதான் ஓடிவந்து பஹாரினைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார்.

ஆக, மாஸ்ட்ரோவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஊர் முன்னால் அவமானப்படுத்த மனமில்லாமல் வேலையை முடித்துக்கொடுத்துவிட்டுப் போகிறார். பஹாரினுக்கு அந்தக் கைதட்டல் உடம்பில் ஊசி குத்துவது போலிருந்தது. மூன்று முறை வணங்கிவிட்டு, பின்வாசல் வழியாகக் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார்.

மழைமரத்தடியில் ஒரு பழைய நீலக் கார் நின்றது. வெளியே திருமதி லோ கையில் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். குள்ளமான அம்மாள், மூக்குக் கண்ணாடி. காருக்குள் மாஸ்ட்ரோ கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

பஹாரின் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினார். தனக்கு ஒரு ஸ்வரம்கூடப் படிக்கத் தெரியாது, எழுதியது தாவுத், சிவப்புக் குறி முழுக்கக் குருட்டாம்போக்கில் போட்டது, கண்ணாடி போட்டது முகத்தை மறைக்க, அழித்தது எது தாவுத் போட்ட குறி என்று தெரியாமல் செய்த தப்பு. மன்னிப்புக் கேட்காமல் வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது.

"அவரு கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் செத்துப் பொழைச்சேன், புவான். என்னை மாதிரி ஒரு போலியோட அவரு மேடை ஏற வேண்டியதாப் போச்சே. ஒரு நிமிஷம் கதவைத் திறக்கச் சொல்லுங்க."

திருமதி லோ காருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு பஹாரினை இரண்டடி தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்கு மட்டும் அவர் கண்ணுல பட்டுடாதீங்க, எஞ்சே பஹாரின், பன்னெண்டு நாளா உங்களைக் கண்டு நடுங்கி மனுஷனுக்குச் சோறு இறங்கல. முப்பது வருஷமா அவரு நடத்துனதெல்லாம் செத்துப்போனவங்க எழுதுனது, எழுதுன ஆளு உயிரோட எதிர்ல வந்து உக்காந்தது இதுதான் முதல் தடவை."