தாய் எலி மீதான விசாரணை

உலக விஞ்ஞான வரலாற்றை இனி இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்: தஞ்சாவூரில் எலிகளுக்கு ஏசி போடுவதற்கு முன், போட்ட பின். துரைராசு மண்டையோட்டு மரபணு ஆராய்ச்சி நிலையத்தின் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு அறிவிக்கிறேன். அது தொண்ணூற்றேழாம் வருஷம். அதற்கு முன்பு எங்கள் நிலையம் நெல் குடோனாக இருந்தது. அப்போது எலியைக் கண்டால் அடித்தோம். இப்போது எலி தும்மினால் அவசரக் கூட்டம் போடுகிறோம். தாராளமயம் என்றால் சும்மாவா!

எங்கள் புரவலர் துரைராசு, பேராவூரணித் தேங்காய் மண்டி முதலாளி. அவருடைய பேரனுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை அடித்தபோதுதான் தெரிந்தது, பிள்ளையின் தலை படகு மாதிரி நீண்டிருந்தது. மண்டையோட்டு எலும்புகள் காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டுவிட்டன என்று சொல்லி, சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். பிள்ளை பிழைத்து நன்றாக இருக்கிறான். அது சின்ன விஷயம். பெரிய விஷயம், குற்றம் யாருடையது என்பது.

"குளிப்பாட்டுறப்ப தலையை ஒழுங்காப் பிடிச்சு உருட்டலை" என்று மருமகள் அனுராதாமீது தீர்ப்பளித்தார், துரைராசுவின் மனைவி தர்மாம்பாள். அனுராதாவின் கணவர் பரணிதரன் துபாயிலிருந்து போனில் 'நடுநிலை' வகித்தார்.

"விஞ்ஞானம் சொல்லட்டும். இவ குத்தம்னா அம்மா வீட்டுக்குப் போயிடணும்" என்றார் துரைராசு. நிலையம் பிறந்தது.

அமெரிக்காவிலிருந்து எலிகள் வந்தன. அங்கிருந்தே டாக்டர் ரெத்தினமும் வந்தார். முடிவை அறிவிக்கும் நாளில் குடும்பம் முழுக்க ஆஜர். எலிகளும் சாட்சிக் கூண்டில் ஆஜர். ஏசி எலிகளுக்கு மட்டும் என்பதால் மனிதர்களுக்கு ஒரு ஸ்டாண்டு ஃபேன். அதுவும் கரண்ட் இல்லாமல் நின்றிருந்தது.

"ஐயா, இது அப்பா வழியா வந்த கோளாறுங்க" என்றார் டாக்டர். "அம்மா எலிக்குத் தலை உருண்டை. அப்பா எலிக்கு நீளம். குட்டியை வேற எலிகிட்ட விட்டு வளர்த்தாலும் அதே நீளந்தான். குளிப்பாட்டுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

அனுராதா முதல்முறையாகச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷம் பொங்கியது. பதவி கருதி அடக்கிக்கொண்டேன்.

"அப்பா எலிக்கு எங்கேருந்து வந்துச்சாம்?" என்றார் தர்மாம்பாள்.

"அதோட அப்பாகிட்டேருந்துங்க."

சொல்லிவைத்தாற்போல் கரண்ட் வந்தது. ஃபேன் அடித்த அடியில், கல்யாணத்தன்றுகூடக் கழற்றாத புரவலரின் தலைப்பாகை பறந்துபோய்க் கூண்டின்மேல் விழுந்தது. அதற்குள் இத்தனை நாள் ஒளிந்திருந்த தலை, நீளத்தில் அசல் பேராவூரணித் தேங்காய். அப்பா எலி உறவுக்காரரைக் கண்டதுபோல் எழுந்து நின்றது.

யாரும் பார்க்கவில்லை. அதாவது, பார்க்கவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

"கட்டடம் யாருதுன்னு டாக்டருக்குத் தெரியும்ல?" என்றார் துரைராசு, துண்டை மறுபடி கட்டிக்கொண்டே.

விஞ்ஞானம் பிடிவாதம் பிடிப்பதில்லை. அரை மணியில் முடிவு 'செம்மைப்படுத்தப்பட்டது': தாய் எலி, குட்டிகளை நக்கிக் குளிப்பாட்டும்போது தலையைச் சரியாகப் பிடிக்கவில்லை. முதலில் கை தட்டியவன் நான்தான்.

அனுராதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"அப்ப அந்த எலியையும் அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கல்ல சார்?"

நாங்கள் பாரபட்சம் பார்ப்பவர்கள் அல்ல. மறுநாளே தாய் எலியை அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றிவிட்டோம். அப்பா எலி இங்கேதான், ஏசியில் சுகமாக இருக்கிறது. அதற்கும் வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.