பெல்ட்டுக்கு நல்லெண்ணெய்

என் அக்கா புருஷன் வயிரவன் அத்தான் பச்சைப் பொய்யர். பன்னிரண்டு வருடமாக ஒரு விசேஷ வீடு விடாமல் என் மேல் பழியைப் போட்டுவிட்டு, இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடிக்கிறார். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். அதில் என் முட்டாள்தனமும் இருக்கிறது; மறைக்கவில்லை.

என் கார் பழையது. அதன் ஸ்டீரிங்கைத் திருப்புவது ஆட்டுக்கல்லைத் தனியாளாகப் புரட்டுவது மாதிரி. போதாதென்று, கம்பீரமாக இருக்கட்டும் என்று அகல டயர் வேறு மாட்டியிருந்தேன். (அறிவு அவ்வளவுதான்.) புதுவயலில் அரிசி ஆலை லாரிகளைப் பார்க்கும் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோய், உடைக்கப் போட்ட வேறொரு காரின் பவர் ஸ்டீரிங்கை வாங்கிப் பொருத்திக்கொண்டேன். "ஸ்டீரிங் பம்பைச் சுத்துறது புது பெல்ட்டு, ஓட ஓட இழுபடும். பத்து நாள்ல கொண்டாங்க, இறுக்கித் தாறேன்" என்றார். நான் போகவில்லை. ஒற்றை விரலால் ஸ்டீரிங்கைச் சுற்றி ஊருக்குக் காட்டுவதிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது.

அப்போதுதான் என் தங்கை கல்யாணம். மாப்பிள்ளையைக் கோட்டையூரிலிருந்து காரைக்குடி மண்டபத்துக்கு என் காரில்தான் அழைத்து வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அன்று காலை ஸ்டீரிங்கைத் திருப்பினால் பெல்ட் கீச்சென்று கத்தியது. நான் காருக்குப் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தேன். பாயிடம் போனில் பேசியது அத்தான்.

"பெல்ட்டுக்கு எண்ணெய் விடணுமாம்ப்பா."

எங்கள் ஊரில் ஆயில் என்றால் வண்டிக்கு, எண்ணெய் என்றால் அடுப்படிக்கு. நேராகச் சமையல்கட்டுக்குப் போய் ஒரு டம்ளர் நல்லெண்ணெய் வாங்கி வந்து பெல்ட் மேல் ஊற்றினேன். (கதவு கிறீச்சிட்டால் அதைத்தானே செய்கிறோம்?) சத்தம் நின்றது. அத்தான் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது முகூர்த்தம் முடிய முக்கால் மணி நேரம் இருந்தது. கோட்டையூர் தாண்டுவதற்குள் ஒரு திருப்பத்தில் ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. எண்ணெயில் குளித்த பெல்ட் வழுக்குகிறது, பம்ப் சுற்றவில்லை. எதிரே டவுன் பஸ். பின்னால் சீர் ஏற்றிய வேன். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சினார்.

"மச்சான், யாரு வீட்டுலயோ பணியாரம் சுடுறாக."

"யாரும் சுடலை மாப்பிள்ளை. நம்ம காருதான்."

அவர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தார். நான் இங்குட்டு என்று கத்த, அவர் அங்குட்டு இழுக்க, கார் ஒரு வீட்டு வாசல் கோலத்தை அழித்துவிட்டு நின்றது. கோலம் போட்ட அம்மாள் குனிந்து பார்த்து, "கல்யாண மாப்பிள்ளையா, வண்டி பழகுறவகளா?" என்று கேட்டார். பஸ் பின்வாங்கியது. மாப்பிள்ளையை வேனில் ஏற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் இரண்டு ஆளாக மல்லுக்கட்டி, முகூர்த்தம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்தில் போய் இறங்கினோம். மாப்பிள்ளையின் பட்டுச்சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் நிறைந்திருக்கும்.

தாலி ஏறியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. நிம்மதி தாங்காமல் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். (தங்கையைப் பிரிகிற துக்கம் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும்.)

சாப்பிட வந்த பாய் பானெட்டைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"பெல்ட்டை இறுக்கணும், ஆயில் மட்டம் பாக்கணும்னுதான் சொன்னேன். நீங்க பெல்ட்டைத் தாளிச்சு வச்சிருக்கீக."

மறுநாளே புது பெல்ட் போட்டு, ஸ்டீரிங் ஆயிலையும் மாற்றிக் கொடுத்தார். இப்போது மாதம் தவறாமல் மட்டம் பார்க்கிறேன், கார் முனகுவதில்லை. ஆனால் வீட்டில் அதன் பெயர் 'தாளிச்ச கார்'. மாப்பிள்ளை இன்றைக்கும் சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் அதில் ஏறுகிறார்.

அதெல்லாம் போகட்டும். "எண்ணெயை அவனாத்தான் ஊத்துனான்" என்று அத்தான் சொல்லித் திரிவதைத்தான் பொறுக்க முடியவில்லை. வருகிற தை மாதம் தங்கை மகளுக்குக் காதுகுத்து. சொந்தம் மொத்தமும் வரும். பாயையும் அழைத்திருக்கிறேன். அத்தான், பந்தியில் எழுந்து நின்று எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்: பாய் போனில் சொன்னது ஆயிலா, எண்ணெயா?